பொறியின்றி எழும் நீரூற்று

நீர் தாழ்ந்தவிடத்தை நாடி ஓடும் இயல்பினது. அங்ஙனமாகவும், மின்விசை தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே அரசர் சோலைகளில் அது மேனோக்கிப் பீறிட்டது எவ்வாறெனின், உயரத்தின் வலியாலேயாம். மேட்டிலே தேக்கிய நீரை மூடிய குழாய்வழி இறக்கினால், அது குழாயின் வாயிலே தன் பழைய மட்டத்தை எட்ட முயன்று எழும். உராய்வினாலும் காற்றின் தடையினாலும் சிறிது குறைந்து நிற்கும். காசுமீரத்திலே சகாங்கீர் 1619-இல் அமைத்த சாலிமார் சோலையின் ஊற்றுக்கள் இம்முறையினவே. உயரம் வாயாதவிடத்து அதனைச் செயற்கையாற் படைக்க வேண்டியதாயிற்று. பிரான்சு தேயத்து வெர்சேல்சு அரண்மனை ஊற்றுக்களின்பொருட்டு, 1684-இல் சேன் ஆற்றோட்டத்தாற் சுழன்ற 14 பெருஞ் சக்கரங்கள் நீரை ஏறக்குறைய 160 மீட்டர் உயர்த்தின.

கடலூர்ப் பகுதியிலோ இயற்கையே இவ்வமைப்பினை நிலத்தடியிற் செய்து வைத்துளது. சிதம்பரத்தை அடுத்த வீராணம் ஏரி முதற் பராந்தக சோழன் (907–955) காலத்தது. கொள்ளிடத்து நீர் வடவாற்றின்வழியே அதனைச் சேரும். அவ்வழி திறந்த வழியாகலின், நீர் சரிவிற் பரவுமேயன்றி எழமாட்டாது. நிலத்தடி நீரோ அடைபட்ட நீர். மேற்குப்புறத்து மேட்டு நிலங்களிற் பெய்த மழை, கடலூர் மணற்கல் எனப்படும் படுகையுட் புகுந்து, கடலை நோக்கிச் சரிந்து செல்லும். மேலே களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும் மூடியிருத்தலின் அந்நீர் அழுத்தமுற்று நிற்கும். மூடியைத் துளைத்தவுடன் அது மேலெழும். புகுமிடத்து நீர்மட்டம் துளைவாயினும் உயர்ந்ததாயின், தானே பொங்கி வழியும். பிரான்சின் ஆர்த்துவா நாட்டின் பெயரால் இதனை ஆர்ட்டீசியன் கிணறு என்பர். பாரிசு நகரத்துக் கிரெனெலிலே 548 மீட்டர் துளைத்து 1841-இற் கண்ட ஊற்றும் இவ்வகையதே. நெய்வேலியைச் சூழ்ந்த ஊர்களில் இத்தகைய கிணறுகள், ஏற்றமும் கவலையுமின்றி இரவும் பகலும் வயல்களுக்கு நீர் வழங்கின.

1957-இல் நெய்வேலியிற் சுரங்கப்பணி தொடங்கிற்று. கரிக்குக் கீழுள்ள நீரின் அழுத்தம் சுரங்கத் தரையைப் பிளந்துவிடுமாகலின், அதனைக் குறைக்க இடையறாது நீர் இறைக்கப்பட்டது. உழவர் தோண்டிய ஆழ்குழாய்க் கிணறுகளும் பெருகின. மட்டம் தாழவே, பொங்கிய கிணறுகள் பலவும் அடங்கின. அவற்றிலே மின்பொறி பூட்டப்பட்டது. அக்கரியை எரித்துப் பெறும் மின்விசையே, முன்பு தானே எழுந்த நீரை இப்பொழுது ஏற்றவேண்டியதாயிற்று.

ஊற்றின் வலிமை அதன் வாயில் இல்லை. தொலைவிலே மழையை ஏற்கும் நிலத்திலும், இறைப்பினது அளவிலுமே உளது. மேட்டு நிலத்து ஏரிகளைப் பேணுதலும், புகுவதற்குமேல் இறையாமையும் ஊற்றைக் காக்கும் நெறிகளாம்.