மண்ணும் உலோகமும்: நெபிரா வட்டத்தகடு

தொல்பொருளொன்றின் வரலாற்றுப் பெறுமதி அப்பொருளில் மட்டுமன்றி, அது கிடந்த மண்ணிலும் தங்கியுள்ளது. ஜேர்மனியில் நெபிரா நகரையடுத்த குன்றொன்றில் 1999இல் வெளிப்பட்ட வெண்கல வட்டத்தகடு இதற்குத் தக்க சான்றாகும்.

உலோகங் கண்டறியும் கருவியுடன் அனுமதியின்றிச் சென்ற இருவர் அதனை வாள்கள், கோடரிகள் முதலியவற்றுடன் தோண்டியெடுத்து விற்றனர். தோண்டுகையில் விளிம்பு சிதைந்தது. 2002இல் சுவிற்சலாந்தின் பாசல் நகரில் பொலிஸார் அதனை மீட்டனர். ஏறத்தாழ 2 கிலோகிராம் நிறையுடைய அத்தகட்டில் பிறையும் விண்மீன்களும் பொன்னாற் பதிக்கப்பட்டுள்ளன. செறிந்துள்ள ஏழு விண்மீன்கள் கார்த்திகைத் தொகுதி எனக் கொள்ளப்படுகின்றன.

அதனை இனங்காண்பது எங்ஙனம்? ஒட்டியிருந்த மண் குன்றின் மண்ணோடு ஒத்தது. செம்பு ஒஸ்திரிய அல்ப்ஸ் மலைப்பகுதிக்குரியது என இரசாயன ஆய்வு காட்டிற்று. உடன் கிடைத்ததாகக் கூறப்பட்ட வாளொன்றின் பிடியிலிருந்த மரப்பட்டையைக் காபன் முறையால் ஆராய்ந்தோர், இவை புதைக்கப்பட்ட காலம் ஏறத்தாழக் கி.மு. 1600 என்றனர். ஆயினும், வாள்களும் தகடும் ஒருங்கே புதைக்கப்பட்டனவா என ஐயுற்ற ஆய்வாளர் இருவர், தகடு பிற்பட்ட இரும்புக் காலத்தது என 2020இல் வாதிட்டனர். வேறு அறிஞர் பலர் இதனை மறுத்தனர்.

முறைப்படி அகழ்ந்திருப்பின் இவ்விவாதம் எழுந்திராது. மண்படையைக் குலைப்போர் சான்றையே அழிக்கின்றனர் என்பது வரலாற்று மாணவர் மனங்கொள்ளத்தக்கது.