களியக்காவிளை வட்டாரத்தில் வேற்றுமொழிக் கல்வி: சாலை முதல் பல்கலைக்கழகம் வரை

களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் தமிழ்நாடு–கேரள எல்லையில் அமைந்த பேரூராட்சி. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் ஊர் இது. இவ்விரு மொழிகளும் இங்கே வீட்டிலும் சந்தையிலும் தாமாகவே வந்துவிடும். முறையாகக் கற்றே பெறவேண்டிய வேற்றுமொழி அப்படியல்ல. அது இவ்வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பதவியோடும் பிழைப்போடும் பிணைந்து வந்துள்ளது. வேலை தரும் மொழி காலந்தோறும் மாறியது. அம்மொழியைக் கற்க யாருக்கு இடம் கிடைத்தது, கற்றவருக்கு வேலை கிடைத்ததா என்ற கேள்வி மட்டும் மாறாமல் நின்றது.

பார்த்திவசேகரபுரம் சாலை

களியக்காவிளையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், முஞ்சிறைக்கு அருகில் உள்ளது பார்த்திவபுரம். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866-இல் இங்கே திருமால் கோயிலையும் அதனுடன் ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது உணவும் உறைவிடமும் தந்து கற்பித்த உயர்கல்வி நிலையம். இதற்கான செப்பேடு தமிழில் எழுதப்பட்டுள்ளது. காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட இந்நிலையத்தில் 95 மாணவர்களுக்கு இடம் இருந்தது. இவர்கள் ‘சட்டர்’ எனப்பட்டனர்.

சமஸ்கிருதம் அன்று அயல்நாட்டு மொழி அல்ல. ஆயினும் இம்மண்ணின் மக்கள் பேசிய மொழியும் அல்ல. பயின்றே பெறவேண்டிய மொழி. சாலையில் சேர வியாகரணம், அதாவது இலக்கணம், தெரிந்திருக்க வேண்டும் என்று செப்பேடு விதிக்கிறது. அதனுடன் ‘திரைராஜ்ய வியவகாரம்’ என்ற அறிவையும் கேட்கிறது. மூன்று அரசுகளின் நடைமுறை என இதற்குப் பொருள் கொள்வர். மொழியறிவு மட்டும் போதாது, அதை ஆட்சிப் பணியில் பயன்படுத்தும் அறிவும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. 95 இடங்களும் வேதப் பிரிவுகளின் அடிப்படையில் 45, 36, 14 எனப் பகிரப்பட்டன. அதனால் வேதம் ஓதும் உரிமை இல்லாத பெரும்பான்மை மக்களுக்கு இந்தக் கல்வி எட்டவில்லை.

கடல்வழி வந்த மொழிகள்

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வருகையால் மொழிக் கல்வி இருவழிப் பாதையாயிற்று. 1546-இல் இந்தியா வந்த சேசு சபைத் துறவி என்ரீக்கே என்ரீக்கசு தமிழைப் பயின்று, போர்த்துகீசியர் கற்பதற்காகத் தமிழ் இலக்கணம் எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சானது.

1741-இல் குளச்சலில் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மர் வென்றார். பிடிபட்ட டி லனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தலைவரானார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் உள்ள அவரது கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.

அக்காலத்தில் வணிகக் குழுமங்களுக்கும் உள்நாட்டாருக்கும் இடையே நின்றவர் துபாசி. இரண்டு மொழி அறிந்தவர் என்பது இச்சொல்லின் பொருள். புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தமிழில் எழுதிய நாட்குறிப்பால் இன்றும் அறியப்படுகிறார். துபாசி வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்ல. வணிகம், கடன், அரசியல் மூன்றையும் அறிந்தவர்.

மிஷன் பள்ளிகளும் ஆங்கிலமும்

லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடியில் பணி தொடங்கினார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலை மையமாக்கிப் பள்ளிகளையும் அச்சகத்தையும் வளர்த்தார். இன்று களியக்காவிளைக்கு எல்லை தாண்டி நிற்கும் பாறசாலையும் லண்டன் மிஷனின் களமாயிற்று. நாகர்கோவில் செமினரி பின்னர் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக உயர்ந்தது. சாலைக் கல்வியில் இடம் பெறாத சாதிகளின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எட்டியது இப்பள்ளிகளின் வழியாகவே.

ஆனால் படிப்பு கிடைத்தும் பதவி கிடைக்கவில்லை. சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் பல்புவுக்கு, ஈழவர் என்பதால் திருவிதாங்கூர் அரசுப் பணி மறுக்கப்பட்டது. அவர் மைசூர் அரசில் பணியாற்றினார். 1896-இல் 13,176 பேர் கையொப்பமிட்ட ஈழவர் விண்ணப்பம் மன்னரிடம் அளிக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் பணிகளிலும் இடம் கேட்ட விண்ணப்பம் அது. மொழியும் பட்டமும் இருந்தால் வேலை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்நிகழ்வு மறுக்கிறது.

எல்லை மாற்றமும் பல்கலைக்கழகங்களும்

1937-இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. களியக்காவிளை எல்லையூர் ஆயிற்று. அருகிலிருந்த பல்கலைக்கழகம் வேறு மாநிலத்துக்கு உரியதாகி, 1957-இல் கேரளப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது. 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

அயல்மொழி பயில விரும்பும் களியக்காவிளை மாணவருக்கு இன்றும் திருவனந்தபுரமே அருகில் உள்ள வாய்ப்பு. கேரளப் பல்கலைக்கழகத்தில் ருஷ்யம், ஜெர்மன், அரபு மொழித் துறைகள் உள்ளன. தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், அடுத்துள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் பிரெஞ்சுத் துறை உண்டு. பல அயல்மொழிகளில் பட்டப்படிப்பு தருபவை டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகமும், ஐதராபாத் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும்.

இன்றைய வேலைவாய்ப்புகள்

அயல்மொழிப் பட்டம் பெற்றவர்கள் மொழிபெயர்ப்பாளர், உரைபெயர்ப்பாளர், சுற்றுலா வழிகாட்டி, பன்னாட்டு நிறுவன ஊழியர் ஆகலாம். பிரெஞ்சு, ஜெர்மன், ருஷ்யம், ஜப்பானியம் முதலிய மொழிகளில் நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதி பெறலாம். இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வாகும் ஒவ்வொருவரும் பயிற்சிக் காலத்தில் ஓர் அயல்மொழியைக் கட்டாயம் கற்கின்றனர்.

வேறொரு தொழிலுடன் மொழியைச் சேர்த்துக் கற்பதும் இப்போது பெருகியுள்ளது. ஜெர்மன் மொழியறிவு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாக அளக்கப்படுகிறது. அங்கே செவிலியராக முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 நிலை தேவை. கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் 2021 டிசம்பரில் ஜெர்மன் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையுடன் செவிலியர் பணிக்கு ஒப்பந்தம் செய்தது. தமிழகத்தில் 1978 முதல் தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்கி வருகிறது. ஜப்பான் 2019-இல் தொடங்கிய திறன்பணியாளர் விசாவுக்கும் தொழில்திறன் தேர்வுடன் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வு உண்டு.

மொழியுடன் வேறொரு துறையறிவும் கேட்ட பார்த்திவசேகரபுரச் செப்பேட்டின் விதி இன்றைய வேலைச் சந்தையிலும் செல்லுபடியாகிறது. பிறப்பால் வந்த தடை சட்டப்படி நீங்கிவிட்டது. பயிற்சிக் கட்டணமும் முகவர் செலவும் தொலைதூரப் பயணமும் அந்த இடத்தில் நிற்கின்றன. அரசு நிறுவனங்களின் வழிகளை முதலில் தேடுவதும், உள்ளூர்க் கல்லூரிகளில் அயல்மொழிப் பாடங்கள் தொடங்கக் கோருவதும் களியக்காவிளை மாணவர் முன்னுள்ள நடைமுறை வழிகள்.