கொயினாவும் ஒரு துளி இரத்தமும்



கோலசிலாங்கூர் வட்டாரத்தில் 1917இல் தெனாமாரம் தோட்டத்தில் வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்டதை வரலாற்று நூல்கள் பெருமையுடன் குறிப்பிடுகின்றன. செம்பனைக்கு முன்பே இங்கு வந்து நிலைத்தது மலேரியா. காடழித்து ரப்பர் நட்ட நம் முன்னோரை அது கூட்டங்கூட்டமாகக் கொன்றது.

1901இல் கிள்ளானில் பொறுப்பேற்ற மருத்துவர் மல்கம் வாட்சன், கடலோரத் தோட்டங்களில் வடிகால் வெட்டச் செய்து கொசுவைக் கட்டுப்படுத்தினார். நோயின் அளவை அறிய அவர் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீக்கத்தைக் கணக்கெடுத்தார். விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தம், நுண்ணோக்கியில் கிருமியைக் காட்டியது. ஆனால் அதே துளியில் மருந்து எவ்வளவு உள்ளது என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை.

பெரட்டில் பெயர் கூப்பிட்டபின் தொழிலாளருக்குக் கொயினா கொடுக்கும் வழக்கம் இருந்தது. காய்ச்சல் திரும்பினால், மருந்தைத் துப்பிவிட்டான் என்று பழி சொல்வது எளிது. சிறுநீரில் கொயினா உள்ளதா என்றறியும் சோதனை அன்றே இருந்தது. இரத்தத்தில் போதிய அளவு உள்ளதா என்பதை அது சொல்லாது. அளவு மிகுந்தால் காதில் இரைச்சல் கேட்கும், பார்வையும் பாதிக்கப்படலாம். தொழிலாளியின் காதே அன்றைய அளவுகோல்!

அளக்கும் வழிகளுள் ஒன்று பிராக் நகரில் பிறந்தது. 1922இல் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, சொட்டும் பாதரசத்தை மின்வாயாக்கி, கரைசலில் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றினார். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய அழுத்தத்தில் வினைபுரியும். அப்போது எழும் மின்னோட்டத்தின் அளவு, பொருளின் அளவைக் காட்டும். 1959இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. கொயினாவையும் இம்முறையில் அளக்கலாம்.

இரத்தத்தில் மருந்தை அளப்பதன் பயனைப் போர்க்காலம் உணர்த்தியது. 1942இல் ஜாவாவின் சிங்கோனாத் தோட்டங்கள் ஜப்பானியர் வசமாகவே, நேச நாடுகளுக்குக் கொயினா அரிதாயிற்று. மாற்று மருந்தான அட்டாப்ரினை நியூயார்க்கில் பிராடியும் உடன்பிரெண்டும் ஒளிர்வு முறையில் அளந்தனர் (இது மின்முறை அன்று). மருந்து இரத்தத்தில் மெல்லவே சேர்கிறது என்பது தெரிந்தது; ஆகவே முதலில் மிகுதியாகவும் பின்னர்க் குறைவாகவும் கொடுத்தனர். குறை நோயாளியிடம் அன்று, அளவு முறையில்தான் இருந்தது!

1962இல் லீலண்ட் கிளார்க், நொதி பூசிய மின்வாயால் குளுக்கோஸை அளக்கும் வழியைக் காட்டினார். 1987இல் பேனா வடிவக் கருவி சந்தைக்கு வந்தது. கரிமை அச்சிட்ட இன்றைய பட்டைக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான இரத்தமே போதும். நம் பெரியவர்கள் வீட்டில் சர்க்கரை பார்ப்பது இதைக் கொண்டுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாரசிட்டமால் உண்டவரிடம் சில கருவிகள் தவறான சர்க்கரை அளவைக் காட்டின. அம்மருந்தும் மின்வாயில் வினைபுரிவதே காரணம். அப்பண்பையே பயன்படுத்தி ஆய்வாளர்கள் அச்சுப் பட்டைகளில் பாரசிட்டமாலை அளக்கின்றனர். நரம்பு தேடிக் குருதி எடுக்க முடியாத சிறு குழந்தைகளுக்கு இத்தகைய முறை பெரிதும் உதவும்.

கொயினாவின் இடத்தை இன்று ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்துகள் பெரிதும் பிடித்துவிட்டன. சர்க்கரைப் பட்டையைப் போல, மலேரியா மருந்தை அளக்கும் பட்டை ஏதும் மருந்துக் கடையில் கிடைப்பதில்லை. நீரிழிவு நோயாளி நாள்தோறும் பட்டை வாங்குவார். மலேரியா நோயாளியோ பெரும்பாலும் ஏழை. தடை அறிவியலில் அன்று, சந்தையில் என்றே நான் கருதுகிறேன்.