கப்பல் பணமும் நிலப் பணமும்



வாழ்க்கையில் முன்னேற வழி என்ன என்று கேட்டால் படிப்பு, உழைப்பு, சிக்கனம் என்று நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவோம். ஆசிரியர்களாகிய நாங்களும் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் சிறுகச் சிறுகச் சேர்க்கிற பணம் எதற்காகச் சேர்கிறது என்று கேட்பவர் குறைவு. மலேசியத் தோட்டப்புறத் தமிழர் வரலாற்றில் இந்தக் கேள்விக்கான விடையே மாறிப்போன ஒரு காலம் உண்டு. அதைப் பற்றி இன்று பேசுவோம்.

பழைய தலைமுறையினர் சேமிக்கத் தெரியாதவர்கள், கள்ளுக்கடையில் காசைத் தொலைத்தவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மையன்று. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1922-ஆம் ஆண்டில் கூட்டுறவு இலாகா அமைக்கப்பட்ட பின்னர், தோட்டங்களில் சிக்கனச் சங்கங்கள் தோன்றின. பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, பால் வெட்டி, வாளி சுமந்து சம்பாதித்த கூலியில் ஒரு பகுதியை நம்மவர் அவற்றில் போட்டு வைத்தனர். எதற்காக? பெரும்பாலோர்க்கு ஊர் திரும்புவதற்காக. பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்க வேண்டும். கையில் கொஞ்சம் பணம், பெண்ணுக்கு ஒரு நகை, முடிந்தால் காணி நிலம். சேமித்த ஒவ்வொரு காசும் கடலைப் பார்த்தபடிதான் இருந்தது. ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் சில முதியோரின் முகம் மாறுவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இந்த நாட்டில் நாம் தங்க வந்தவர்கள் அல்லர் என்ற எண்ணத்தை நிலைமைகளும் வளர்த்தன. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, வேலை இழந்த பல்லாயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன் பிறகு லயங்களில் கேட்ட குழந்தைகளின் அழுகுரல் இந்த மண்ணிலேயே பிறந்த குரல்; ஆனாலும் பெரியவர்களின் பேச்சில் ‘ஊர்’ என்றால் அது கடலுக்கு அப்பால்தான் இருந்தது.

1957 ஆகஸ்ட் 31-இல் மலாயா விடுதலை பெற்றது. அதற்கு முன்பிருந்தே அயல்நாட்டுக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியிருந்தன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்றனர். இதைத்தான் ‘தோட்டத் துண்டாடல்’ என்கிறோம். பேராசிரியர் உங்கு அஸிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார் என்றால், அது எவ்வளவு பெரிய விவகாரம் என்பதை நேயர்கள் உணரலாம்.

தோட்டம் விற்கப்படுவது நகரத்தில் ஒரு கடை கைமாறுவதைப் போன்றதன்று. தொழிலாளி குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், மருந்துக் கொட்டகை, மாரியம்மன் கோயில் நின்ற நிலம், குடிதண்ணீர்க் குழாய் எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். பத்து ஏக்கர் வாங்கியவர் தாமே பால் வெட்டிக்கொள்வார், அல்லது இரண்டு பேரைக் குத்தகைக்கு வைத்துக்கொள்வார். அவரால் லயத்தையும் பள்ளியையும் வைத்து நடத்த முடியுமா? ஆகவே ஒரு கையெழுத்தில் ஒரு குடும்பத்தின் வேலை, வீடு, பிள்ளையின் படிப்பு மூன்றும் ஒரே நாளில் ஆட்டங்கண்டன. பள்ளி மூடப்பட்டால் ஒரு சமூகமே கலைகிறது என்பது தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய செய்தியன்று.

இந்த நெருக்கடியில்தான், 1960-ஆம் ஆண்டில், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதைத் தோற்றுவித்தவர் துன் வீ. தி. சம்பந்தன். 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, 1955 முதல் ம.இ.கா.வின் தலைவராகவும் பின்னர் அமைச்சராகவும் விளங்கியவர். அவருடைய திட்டம் எளிமையானது. விற்பனைக்கு வரும் தோட்டத்தை அதில் வேலை செய்பவர்களைப் போன்றவர்களே கூடி வாங்கிவிட்டால் என்ன? ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம்.

இன்று 10 வெள்ளி நமக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அன்று அது பல நாள் பால் வெட்டிய கூலி. அதுவும் யாரை நம்பிக் கொடுப்பது? சீட்டுப் பிடித்தவன் பணத்தோடு ஓடிய கதை எந்த லயத்தில்தான் இல்லை? சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களிடம் பேச வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். ‘துரையின் தோட்டத்தை நாம் வாங்குவதா?’ என்று சிரித்தவர்களை எங்கள் பெரியவர்கள் நினைவு கூர்ந்ததுண்டு. அந்தச் சிரிப்பில் கேலியைவிட அச்சமே அதிகம் இருந்திருக்கும். காலமெல்லாம் கிராணியின் முன் கைகட்டி நின்றவர், தாமும் முதலாளிகளுள் ஒருவர் என்று எண்ணிப் பார்ப்பது சாதாரணச் செயலன்று.

1961-இல் கெடா மாநிலத்திலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுவே சங்கத்தின் முதல் தோட்டம்.

இதைச் சொல்லும்போது மிகைப்படுத்தக் கூடாது. சங்கத்தின் தோட்டத்திலும் தொழிலாளி விடியுமுன் எழுந்து அதே மரத்தில்தான் கத்தி வைத்தார். மழை பெய்தால் அங்கும் வேலை இல்லை. ரப்பர் விலை இறங்கினால் சங்கமும் தவித்தது. துண்டாடல் முழுவதையும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் தடுத்துவிடவும் முடியவில்லை. எத்தனையோ தோட்டங்கள் கைநழுவிப் போயின. பங்குதாரர் ஆன அனைவரும் செல்வந்தர் ஆனார்கள் என்றும் நாங்கள் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. நிலத்தில் பங்கு வாங்கியவர்களிலேயே பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் காலந்தாழ்த்தினர். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, தோட்டப்புறங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டித் தமிழகம் திரும்பினர். மனம் மாறுவதும் தாள்கள் மாறுவதும் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை.

எனினும் மாறியது ஒன்று உண்டு. முன்பு கப்பலுக்குச் சேர்ந்த பணம் இப்போது இந்த மண்ணுக்குச் சேர்ந்தது. பணத்தின் திசை திரும்பியபோது பேச்சும் திரும்பியது. ‘ஊருக்குப் போனால்’ என்று தொடங்கிய வாக்கியங்கள் ‘பையன் படித்தால்’ என்று தொடங்கலாயின.

எங்கள் பள்ளியில் வரலாற்றுப் பாடத்துக்காக, வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைக் கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லியிருந்தோம். வெற்றிலைப் பெட்டி வந்தது. மங்குக் கோப்பை வந்தது. ஒரு பையன் பழைய பிஸ்கட் டின்னில் தன் கொள்ளுப் பாட்டியின் பங்குப் பத்திரத்தைக் கொண்டுவந்தான். மறுநாள் காலையில் மணி அடிக்கும் முன்பே அந்த மூதாட்டி பள்ளி வாசலில் வந்து நின்றார். பையனிடம் கொடுத்தனுப்பி விடுகிறோம் என்று சொன்னதை அவர் ஏற்கவில்லை. தம் தகப்பனார் கப்பலுக்குச் சேர்த்துச் சேர்த்துக் கடைசிவரை போகவே இல்லை என்றும், தாம் கட்டியது இதற்குத்தான் என்றும் சொன்னார். பத்திரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மடிச்சுடலையே, வாத்தியாரே?” என்று கேட்டார்.

இல்லை பாட்டி, இருந்தபடியேதான் இருக்கிறது என்றோம். சேலைத் தலைப்பால் டின்னைத் துடைத்து மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்.