சில்லுக்கொடி

நக்கிள்ஸ் மலைச்சாரலில், லக்கலைப் பக்கத்து ஆற்றோரக் காடுகளில், முறுக்கேறிய ஒரு கொடி மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கும். சிங்களத்தில் ‘புஸ் வெல்’. அவரைக் குடும்பம்தான், ஆனால் காய் ஒரு மீற்றருக்கும் மேல் நீண்டு, உருவிய வாளாகத் தொங்கும். முற்றினால் கணுக்கணுவாகக் கழலும். கணுவுக்கு ஒரு கொட்டை.

கொட்டைக்குச் சிங்களத்தில் ‘எட்ட’. 1672இல் ஒல்லாந்தக் கம்பனி மருத்துவராக இலங்கைக்கு வந்த பவுல் ஹெர்மன், செடிகளோடு ஊர்ப்பெயர்களையும் சேர்த்தார். லக்கலை அடங்கிய மாத்தளை அப்போது கண்டி அரசனின் மண்; கம்பனியின் பிடி கரையோரத்தில்தான். ஆகவே அவர் காதில் விழுந்தது கரையோரத்தார் பேச்சாகத்தான் இருக்கவேண்டும். அவர் சேகரிப்பைக் கொண்டு தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் ‘புளோரா செய்லானிக்கா’ எழுதினார். ‘புஸ் எட்ட’ அதில் ‘புசேத்தா’ ஆயிற்று.

பேரினப் பெயர் வேறு வழியில் வந்தது. மலபாரில் ஒல்லாந்தத் தளபதியாயிருந்த வான் ரீட், ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ நூலில் ‘எண்டாடா’ என்ற ஊர்ப்பெயரைப் பதிந்தார். 1763இல் தாவரவியலாளர் அடான்சன் அதைப் பேரினமாக்கினார். 1825இல் டி கண்டோல் இரண்டையும் இணைத்து ‘எண்டாடா புர்சேத்தா’ என்றார். மலையாளக் கரையும் சிங்களக் கரையும் ஒரே பெயரில்! ஆனால் அதே ஆண்டில் சற்று முன்னதாக ஸ்பிரெங்கல் வைத்த ‘எண்டாடா ரீடியை’தான் இன்று செல்லுபடியாகிறது. சிங்கள ஊரார் சொல் ஒதுங்க, தளபதியின் பெயர் நிலைத்தது. முந்திய பெயருக்கே முதலிடம் என்பது விதி, எனக்கென்னவோ மனத்தாங்கல்தான்.

இதே இனம் ஆபிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் வளர்கிறது. பருப்பின் இரு பாதிகளுக்கும் நடுவே காற்று நிற்பதால் கொட்டை கடலில் மிதந்து கரை கடக்கும். தென்னாபிரிக்காவில் கனவு வரவேண்டி இதன் பருப்பைப் பயன்படுத்துவார்கள். ‘ஆபிரிக்கக் கனவு விதை’ என்ற வியாபாரப் பெயர் அங்கிருந்து வந்தது. கனவு வருமோ வராதோ, பெயர் நன்றாக விற்கிறது.

தமிழ்த் தாவர நூல்கள் இதைச் ‘சில்லு’ என்கின்றன. நமக்குச் சைக்கிளின் சக்கரமும் சில்லுதான். முழங்காலில் இருப்பதும் சில்லு. பிள்ளைகள் கட்டம் கீறி எறியும் ஓட்டுத்துண்டும் சில்லு. கொட்டையோ தட்டையாக, வட்டமாக, உள்ளங்கையில் அடங்கும் அளவு. எறியும் சில்லிலிருந்து கொட்டைக்குப் பெயர் வந்ததா, கொட்டையைத்தான் முதலில் எறிந்தார்களா? ஓடு எல்லா ஊரிலும் கிடைக்கும்; இந்தக் கொடி காட்டோரத்தில் மட்டும். ஆகவே ஓட்டுக்கே முதலுரிமை என்பது என் கட்சி.