கண்ணுக்குக் கீழே டார்ச் லைட்... நிலா வெளிச்சம் பிடிக்காத குட்டி மீன்! எப்படி வாழ்கிறது?

நிலா இல்லாத இரவு. சாலமன் தீவுகளை ஒட்டிய பவளப்பாறை. கும்மிருட்டான கடலுக்குள் நூற்றுக்கணக்கான நீலப்பச்சைப் புள்ளிகள் மினுக் மினுக்கென எரிந்து அணைகின்றன. மின்மினிக் கூட்டம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் அவை பூச்சிகள் இல்லை, மீன்கள்!

யார் இந்த மீன்?

'ஃப்ளாஷ்லைட் ஃபிஷ்' என்பது இதன் பொதுப் பெயர். அறிவியல் பெயர் அனோமலாப்ஸ் கட்டாப்ட்ரான். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் முதல் பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறைகளில் வாழ்கிறது. ஆழம் குறைந்த இடங்களில் இருப்பவை சுமார் 10 செ.மீ. நீளம்தான். உடல் கறுப்பு. இரண்டு கண்களுக்குக் கீழேயும் அவரை விதை வடிவில் ஒரு வெள்ளைப் பை. அதுதான் டார்ச்!

வெளிச்சம் எங்கிருந்து வருது?

வெளிச்சத்தை உண்டாக்குவது மீன் அல்ல. அந்தப் பைக்குள் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். மீனின் ரத்தத்திலிருந்து இவற்றுக்கு உணவும் ஆக்சிஜனும் கிடைக்கும். அதற்கு வாடகைதான் வெளிச்சம். மீனை நம்பியே வாழ்ந்து பழகியதால், இந்த பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் தனியாக வளர்க்க முடிவதில்லை. மீனும் சும்மா இருந்துவிட முடியாது. அது பட்டினி கிடந்தால் வெளிச்சமும் மங்கிப் போகும் என்பது 1976-லேயே பதிவாகியுள்ளது.

ஸ்விட்ச் எங்கே இருக்கு?

பாக்டீரியாக்கள் ஓயாமல் ஒளிவிடும். அணைப்பது மீனின் வேலை. பையை அப்படியே உள்பக்கமாகத் திருப்பிக்கொள்ளும், வெளிச்சம் மறைந்துவிடும். செங்கடலில் வாழும் இதன் உறவுக்கார மீனோ, கண் இமை போன்ற கறுப்புத் திரையை இழுத்து மூடிக்கொள்கிறது.

எதற்கு இந்த டார்ச்?

முதல் காரணம் சாப்பாடு. தண்ணீரில் மிதக்கும் மிகச்சிறு உயிரினங்கள்தான் இதன் இரை. ஜெர்மனி ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இரை இல்லாத நேரத்தில் இரவில் நிமிடத்துக்கு சுமார் 90 முறை இந்த மீன் கண் சிமிட்டுவது தெரிந்தது. இரை வந்ததும் சிமிட்டல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதாவது, டார்ச்சை அணைக்காமல் தேடித் தேடிச் சாப்பிடுகிறது.

இரண்டாவது காரணம் கூட்டம். சாலமன் தீவுகளில் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. கூட்டத்தில் 5 சதவீத மீன்கள் ஒளி காட்டினாலே போதும், மற்றவை வழி தவறாமல் சேர்ந்து நீந்தும் என்கிறது அது.

ஆபத்தும் அதே வெளிச்சம்தான்

இருட்டில் விளக்கோடு போனால் வேட்டை மீன் கண்ணில் படாமல் இருக்குமா? அதற்கும் ஒரு தந்திரம் இருக்கு. எரியவிட்டு ஒரு பக்கம் நீந்தும். பட்டென அணைக்கும். சடாரென வேறு பக்கம் திரும்பும். துரத்தி வந்த மீன், வெளிச்சம் கடைசியாகத் தெரிந்த இடத்துக்குப் போய் ஏமாறும்.

ஆனால் இந்த வித்தை இருட்டில் மட்டுமே பலிக்கும். அதனால்தான் பகலில் பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் பதுங்கிக்கொள்கிறது. நிலா பளிச்சென்று காயும் நேரத்திலும் வெளியே தலைகாட்டத் தயங்குகிறது. இதைப் பார்க்கப் போகும் டைவர்கள் தங்கள் டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருப்பதும் இதனால்தான்.

மனிதர்களிடம் இந்தத் தந்திரம் செல்லாது. இந்தோனேசியாவின் பண்டா தீவு மீனவர்கள், ஒளிப்பையை வெட்டி எடுத்து தூண்டிலில் இரையாக மாட்டுவது வழக்கம். மீன் இறந்த பிறகும் அந்தப் பை பல மணி நேரம் ஒளிரும்!

நம்ம ஊர் மீன்லயும் இருக்கு!

ஒளிரும் மீன் என்றதும் தூர தேசம் போக வேண்டாம். தமிழகக் கடற்கரைச் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் காரல் மீனுக்கும் ஒளி உறுப்பு உண்டு. உணவுக்குழாயைச் சுற்றி இருப்பதால் வெளியே தெரியாது. அங்கும் ஒளி தருவது பாக்டீரியாதான். அடுத்த முறை குழம்புக்குக் காரல் வாங்கும்போது, உயிரோடு இருந்தவரை அதுவும் ஒரு விளக்கைச் சுமந்து திரிந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.