ஹெலன்

ஹெலன் என்பது கிரேக்கப் புராணத்தில் வேர் கொண்ட பெண் பெயர். எரியோடு, வேடசந்தூர், திண்டுக்கல் பக்கத்தில் இதை யாரும் அயல்நாட்டுப் பெயராக எண்ணுவதில்லை. கிறித்தவக் குடும்பங்களில் மரியாளின் பெயரோடு சேர்த்து ‘ஹெலன் மேரி’ என்று வைப்பார்கள். வீட்டில் கூப்பிடும்போது ஹகரம் உதிர்ந்து ‘எலன்’ ஆகிவிடும்.

புராணப்படி ஹெலன், கடவுள் சீயசுக்கும் ஸ்பார்ட்டா அரசி லீடாவுக்கும் பிறந்தவள். மன்னன் மெனலாவுசின் மனைவி. ட்ராய் இளவரசன் பாரிஸ் அவளைக் கொண்டுபோக, பத்தாண்டுப் போர் மூண்டது. இதைப் படித்ததும் நமக்குச் சீதை நினைவுக்கு வருவாள். சீதை கவரப்பட்ட கதை, ட்ராய்ப் போரைப் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹோமரிடமிருந்து வந்தது என்று 1870இல் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் வெபர் எழுதினார். 1873இல் காசிநாத் திரிம்பக் தெலாங் அதை மறுத்தார், மறுப்பே நிலைத்தது. ஆனாலும் ஓர் ஒற்றுமை வியக்க வைக்கிறது. ட்ராய்க்குப் போனது வெறும் மாய உருவம், உண்மையான ஹெலன் எகிப்தில் இருந்தாள் என்கிறது கி.மு. 412இல் அரங்கேறிய யூரிப்பிடீசின் நாடகம். அத்யாத்ம ராமாயணத்திலும் இராவணன் தூக்கிப் போனது மாயச் சீதையைத்தான். கம்பரோ மாயத்தை நாடவில்லை; இராவணன் தீண்டாமல் நிலத்தோடு குடிலையே பெயர்த்தெடுத்தான் என்று பாடினார். மூன்று இடத்திலும் கவிஞர்களுக்கு இருந்த கவலை ஒன்றே: அந்தப் பெண்ணின் மானம். ஹெலனின் சகோதரர்கள், குதிரையேறும் இரட்டையர். அவர்களை நம் அசுவினி தேவர்களோடு ஒப்பிடுவது அறிஞர் வழக்கம்.

பெயரின் பொருள் முடிவாகவில்லை. ‘நிலா’, ‘பேரொளி’ என்று பெயர்ப் புத்தகங்கள் அடித்துச் சொல்வதை அப்படியே ஏற்கக் கூடாது. ஸ்பார்ட்டா அருகே மெனலாயன் கோயிலில் கிடைத்த பழம்பொருள்களில் இப்பெயர் ‘வெலேனா’ என்று வகரத்தோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. எனவே ஹகரத்தை மட்டும் நம்பிய விளக்கங்கள் ஆட்டம் காண்கின்றன. உறுதியாகச் சொல்லக்கூடியது, ‘ஹெலேனே’ என்ற கிரேக்கப் பொதுச்சொல்லுக்குத் தீப்பந்தம் என்ற பொருள் உண்டு என்பதே. அதுவும் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கொளுத்திய பந்தம். இதற்கு நம் மண்ணின் சொல் சுளுந்து. எண்ணெய்த் துணி சுற்றாமல், காய்ந்த குச்சிகளையே கொளுத்திக் கையில் பிடிப்பது. கன்னிவாடிச் சீமையைக் களமாகக் கொண்ட இரா. முத்துநாகுவின் ‘சுளுந்தீ’ நாவல் அந்தச் சொல்லைப் புதிய வாசகரிடம் கொண்டு சேர்த்தது.

தமிழகத்துக்கு இப்பெயர் ட்ராய்க் கதை வழியாக வரவில்லை. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் புனித ஹெலேனா வழியாக வந்தது. எருசலேமில் இயேசுவின் சிலுவையைக் கண்டெடுத்தவர் அவரே என்பது திருச்சபை மரபு; கத்தோலிக்கர் ஆகஸ்ட் 18இல் அவர் திருநாளைக் கொண்டாடுகிறார்கள். நம் ஊர் ஹெலன்கள் இந்தத் தாயின் பெயரைத் தாங்கியவர்கள்.

சந்திரகுப்த மௌரியர் மணந்ததாகச் சொல்லப்படும், கிரேக்க மன்னன் செலூக்கஸின் மகளுக்கு ஹெலன் என்று பெயர் சொல்வதற்குப் பழைய சான்று இல்லை. வங்க எழுத்தாளர் துவிஜேந்திரலால் ராயின் 1911 நாடகம் அதைப் பரப்பியது. திரையிலும் இப்பெயர் உண்டு: 2019இல் வந்த மலையாளப் படம் ‘ஹெலன்’ தமிழில் 2021இல் ‘அன்பிற்கினியாள்’ ஆனது.

பெயர் வைப்போர் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஹெலன்’, ‘எலன்’ இரண்டும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்தில் தொடங்கும். பிறப்புச் சான்றிதழில் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அப்போதே ஒரே வடிவத்தை முடிவு செய்து எழுதிவிடுங்கள்.